பன்னிரண்டு கிலோ பிழை

மௌனிகாவின் இடது தொடைக்குள் இருந்த உலோகத் தண்டு விரிசல் விடத் தொடங்கியிருந்தது. அவளுக்கு அது தெரியாது. உள்ளே எழும் சத்தத்தைப் பிடிக்கும் ஒலிப்பட்டையைத் தொடையில் கட்டிக்கொண்டு, எடையையும் சாய்வையும் அளக்கும் பரிசோதனைக் கூடத்து நீண்ட விரிப்பின் மேல் அவள் போவதும் திரும்புவதுமாக இருந்தாள். சில எட்டுகளுக்கு ஒருமுறை சங்கவியின் முன்னாலிருந்த கருவி சொடுக்கியது. விரலில் நெட்டி முறிக்கிற சத்தம்தான், ஆனால் அதைவிடச் சன்னம். பத்து நிமிடத்தில் நாற்பத்தொரு சொடுக்கு. ஒன்பது மாதத்துக்கு முந்தைய பரிசோதனையில் ஒன்றுகூடக் கேட்டிருக்கவில்லை.

"போதுங்க, உக்காருங்க" என்றாள் சங்கவி. "வலி இருக்குதுங்களா?"

"வலின்னு சொல்ல முடியாதுங் மேடம். உள்ளுக்குள்ள என்னமோ நெருடுற மாதிரி."

தொடையெலும்பில் கட்டி வந்து, எலும்பையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்த தண்டு அது. டைட்டானியமும் அலுமினியமும் கிட்டத்தட்டப் பாதிப்பாதியாகச் சேர்ந்த உலோகம். குறிச்சியில் இருந்த அந்தச் சிறிய நிறுவனத்தில் அதை உருவாக்கியவர்களில் சங்கவியும் ஒருத்தி. அந்த உலோகம் பழகும். உடம்பில் வைத்த பிறகு ஒரு காந்தச்சுருளால் அதைத் 'திறந்து' விடுவார்கள். தொண்ணூறு நாள் அது சற்று இளகிய குணத்தோடு இருக்கும். அந்த நாட்களில் ஆள் எப்படி நடக்கிறாரோ, பாரம் எந்தப் பக்கம் விழுகிறதோ, அதற்கேற்ப உலோகத்துக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகள் திரும்பி நிற்கும். பிறகு 'மூடி' விடுவார்கள். அதற்கப்புறம் அந்த ஆளுக்கு, அந்த நடைக்கு, உலகத்தில் அதைவிடப் பலமான எலும்பு கிடையாது. நோயாளிகளுக்கு அவர்கள் கொடுத்த துண்டுத்தாளில் ஒரே ஒரு அறிவுரைதான் இருந்தது: வழக்கம்போல் நடங்கள்.

நிறுவனத்தின் தலைவர் ஜெகதீசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்களைப் பார்த்தார். "கனமா எதாச்சும் தூக்கறீங்ளா அம்மிணி? மாவுக்கடைன்னு சொன்னீங்களே."

"சாய்க்கற கிரைண்டருங். குண்டாவக்கூட நகத்தறதில்ல." அவள் சுவரோர நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அதில் அவள் மகள் நறுமுகை, ஐந்தரை வயது, கால்கள் தரையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "இவளத்தானுங், மூணு வாரமா மறுபடி தூக்கறேன்."

"மறுபடின்னா?" என்றாள் சங்கவி.

மௌனிகா அதற்காகத்தான் காத்திருந்தாள்போல. "மேடம், என்ற காலு கெடக்குதுங். இவ காலுக்கு யாருகிட்டப் போறதுன்னு நீங்க சொல்லுங். பொறந்ததுலிருந்தே தசைக்குத் தெம்பு பத்தல. அஞ்சு வயசுக்குத்தான் எந்திரிச்சு நின்னா. ஆறு மாசமா நல்லாத்தான் நடந்தா, ஓடக்கூடச் செஞ்சா. மூணு வாரமா அடியே எடுத்து வெக்க மாட்டீங்கறா. பயிற்சி குடுக்கறவங்க, தசை திரும்பத் தளருதோ என்னமோங்கறாங். எனக்கு அந்த வெசனந்தானுங், சோறு எறங்க மாட்டீங்குது."

ஜெகதீசன் சங்கவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் விடை கிடைத்துவிட்ட நிம்மதி இருந்தது. "அதானுங்க விசயம். பதினஞ்சு கிலோவ இடுப்புல வெச்சுட்டு நடந்தா? இன்னிக்கிருந்து பாப்பாவத் தூக்கக் கூடாது. தூக்கினா அம்மா காலு ஒடஞ்சிரும். தெரிஞ்சுதா கண்ணு?"

கடைசி வாக்கியம் குழந்தையைப் பார்த்துச் சொன்னது. நறுமுகை அவரை நம்பவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. சங்கவிக்கு அது விநோதமாக இருந்தது. பெரியவர்கள் பயமுறுத்தினால் குழந்தைகள் பயப்படும், அல்லது அழும். இவள், தப்பாகக் கணக்குப் போடும் ஆளைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

*

நோயாளிக்கு வைக்கும் ஒவ்வொரு தண்டுக்கும் அதனோடு சேர்த்தே உருக்கி வார்த்த இணைத் துண்டுகள் சில கூடத்தில் இருக்கும். சங்கவி மௌனிகாவின் துண்டு ஒன்றை எடுத்து இயந்திரத்தில் பொருத்தி, திறந்து, பழைய பதிவேட்டிலிருந்த தொண்ணூறு நாள் நடையை மூன்று நாளில் ஓட்டிப் பழக்கினாள். மூடினாள். பிறகு பதினைந்து கிலோ ஏற்றினாள்.

சத்தமே இல்லை. இருபது ஏற்றினாள். முப்பது. உலோகம் பாறைபோல நின்றது.

ஆக, குழந்தையைத் தூக்குவது காரணம் இல்லை. அன்று காலை கூடத்துக்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை. சங்கவி மூலப் பதிவுகளைத் திறந்து முதல் நாளிலிருந்து படித்தாள். நான்காம் நாளில் ஒரு குறிப்பு இருந்தது.

'வீட்டு விரிப்பு 63 கிலோ காட்டுகிறது. மருத்துவமனை அட்டையில் 51. விரிப்புப் பிழை, பன்னிரண்டு கிலோ. இடப்பக்கச் சாய்வும் தெரிகிறது, தரை மட்டமில்லை. இரண்டும் திருத்தப்பட்டன.' கீழே அவள் பெயர்.

அவளுக்கு அந்த நாள்கூட நினைவுக்கு வந்தது. மௌனிகாவை அவள் அப்போது பார்த்ததில்லை. கணபதிப் பகுதியில் ஒரு லைன் வீட்டில் விரித்திருந்த விரிப்பிலிருந்து எண்கள் வந்தன. எண்கள் அட்டையோடு பொருந்தவில்லை. புது விரிப்புகள் முதல் வாரத்தில் அப்படித்தான் கூட்டிக் காட்டும். இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் செய்வதை அவளும் செய்தாள். பன்னிரண்டைக் கழித்துவிட்டு, பத்தரை மணித் தேநீருக்குப் போனாள். அது விரிப்பின் பிழையாக இல்லாமல் ஒரு நான்கு வயதுக் குழந்தையாக இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. தாய் வலக்கையை வேலைக்கு விட்டுவிட்டு இடது இடுப்பில்தான் குழந்தையை வைத்துக்கொள்வாள் என்பது, பிள்ளை பெறாத சங்கவிக்கும் தெரிந்த விசயம்தானே.

இன்னொரு துண்டை எடுத்தாள். கழிக்காத எண்களோடு, சாய்வோடு, பழக்கினாள். மூன்று நாள் கழித்துப் பன்னிரண்டு கிலோவை இறக்கினாள். இயந்திரம் நடக்கத் தொடங்கியது. நாலாவது எட்டில் சொடுக்கியது.

ஜெகதீசனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"கூட்டுனா ஒடையும். கொறச்சா எப்பிடிம்மா ஒடையும்?"

"அடுக்கெல்லாம் அந்தச் சாய்வுக்குத் தக்கன திரும்பி நின்னுருச்சுங்க சார். அதே பக்கம் எவ்வளவு பாரம் ஏத்துனாலும் தாங்குது. பாரத்த எறக்குனதும் அவங்க நிமிர்ந்து நடக்கறாங்க. இப்ப விசை அடுக்குக்குக் குறுக்கால சரிவா விழுகுது. ஒரு அடுக்கு மேல இன்னொண்ணு வழுக்குது. நாம இதுவரைக்கும் எத்தன சோதனை பண்ணியிருப்போம்?"

"நாலாயிரத்துச் சொச்சம்."

"ஒண்ணுலயாச்சும் சுமைய எறக்கிப் பாத்தமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியைத் தேடுபவர்போலக் கால்சட்டையைத் தடவினார். "யாரும் பாக்க மாட்டாங்கம்மா. எறக்குனா நல்லதுன்னுதான நெனப்போம்" என்றார்.

நல்லதுதான். சங்கவியின் அப்பா ஆறு வருடம் படுக்கையில் கிடந்தார். அவர் போனபோது வந்தவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொன்னார்கள். இனியாவது நீ கொஞ்சம் நிமிரு, உனக்கென்று இரு. அந்த ஆறு வருடமும் அவள் ஒருநாளும் உடைந்ததில்லை. கஞ்சி, மாத்திரை, துணி மாற்றுவது, அலுவலகம், திரும்ப வந்து கஞ்சி. எல்லாம் முடிந்த பிறகுதான், யாரும் கூப்பிடாத வீட்டில், பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே அடுப்பை அணைக்கத் தோன்றாமல் நின்றாள். அதைத் துக்கம் என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது. சுமை போனதற்கு யாராவது அழுவார்களா? எட்டு மாதம் அப்படிப் போனது. அலுவலகத்தில் கேட்டவர்களிடம் இரும்புச்சத்து குறைவு என்று சொன்னாள்.

அப்படிப்பட்டவள் செய்த உலோகம் அது. அவளுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

*

மறுநாள் பிற்பகல் கணபதிக்குப் போனாள். ஆறு வீடுகள் வரிசையாக இருந்த காம்பவுண்டில் மூன்றாவது வீடு. வாசலில் மாவுப் பாக்கெட்டுக்கான தகர விளம்பரம். மௌனிகா பக்கத்துத் தெருவில் பாக்கெட் போடப் போயிருக்கிறாள், பத்து நிமிடத்தில் வந்துவிடுவாள் என்று அடுத்த வீட்டுப் பெண் சொன்னாள். உள்ளே பாயில் நறுமுகை தனியாக இருந்தாள். அவளுக்குக் கதவுக்கு வெளியே நின்ற சங்கவி தெரியவில்லை.

குழந்தை எழுந்தாள். தண்ணீர்க் குடம் வரை நடந்தாள், டம்ளரில் மொண்டு குடித்தாள், குதிகாலை உயர்த்தி டம்ளரை அலமாரியில் கவிழ்த்து வைத்தாள், திரும்பி வந்தாள். ஒரு தடுமாற்றம்கூட இல்லை. பாயில் உட்காரப் போகும்போது சங்கவியைப் பார்த்துவிட்டாள்.

உட்காராமல் நின்றபடியே குழந்தை மெதுவாக, "அம்மாகிட்டச் சொல்லிராதீங்" என்றாள்.

சங்கவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவள் எதிரில் உட்கார்ந்தாள். "நல்லா நடக்கறியே கண்ணு. ஏன் அம்மாவத் தூக்க வெக்கற?"

"அம்மா காலு கத்துதுங்."

"எப்படி?"

"டிக் டிக்குன்னு. ஒளிஞ்சு வெளையாடறப்ப அம்மா காலக் கட்டிப் புடிச்சேன், அப்பக் கேட்டுச்சு. நான் நடந்தா கத்துது. அம்மா என்னத் தூக்கிட்டா கம்முனு இருக்குது." பிறகு, கொஞ்சம் எரிச்சலோடு, "அந்தக் கண்ணாடித் தாத்தாவுக்கு ஒண்ணுமே தெரியல. தூக்கக் கூடாதுங்கறாரு" என்றாள்.

சங்கவி அந்தச் சின்னக் காதைப் பார்த்தாள். இயந்திரங்களும் பதிவேடும் நாலாயிரம் சோதனைகளும் வைத்துக்கொண்டு தான் ஆறு நாளில் கண்டதை, இவள் காதை வைத்துக் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள். கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை. ஐந்து வருடம் காத்திருந்து கிடைத்த கால்களை யாருக்கும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

மௌனிகா வந்தாள். விருந்தாளியைப் பார்த்ததும் பதறினாள். "வாங் மேடம், தரையில உக்காந்துட்டீங்ளே. காப்பி வெக்கறேனுங்."

"காப்பி இருக்கட்டும். கால் ஏன் அப்படிச் சத்தம் போடுதுன்னு கண்டுபிடிச்சாச்சு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

சங்கவி எளிமையாகவே சொன்னாள். தண்டு பழகிய தொண்ணூறு நாளில் குழந்தை இடுப்பில் இருந்தாள். அதனால் குழந்தையோடு சேர்த்தே அது பழகிக்கொண்டது. இப்போது குழந்தை இறங்கிவிட்டதால் அதற்குப் பொருந்தவில்லை.

"வழக்கம்போல நடங்கன்னுதானுங் சொன்னாங்" என்றாள் மௌனிகா. குற்றம் சாட்டும் குரலில் இல்லை, தான் ஏதும் தப்பு செய்துவிட்டோமோ என்ற குரலில். "இவளத் தூக்காம எனக்கு வழக்கமே இல்லீங்ளே."

"உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. பன்னண்டு கிலோ எச்சா வந்துச்சு. பிழைன்னு நெனச்சு நாந்தான் கழிச்சேன்."

மௌனிகா அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. அவள் வேறெதையோ கோத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப, இவ இடுப்புல இருந்தா காலு ஒண்ணும் பண்ணாதுங்ளா?"

"ஆமாங்க."

"நடந்தாத்தான் பண்ணுமா?"

சங்கவி தலையசைத்தாள். மௌனிகா மெல்லத் திரும்பிப் பாயைப் பார்த்தாள். குழந்தை பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏஞ்சாமி" என்றாள் மௌனிகா. "எந்திரி."

குழந்தை அசையவில்லை.

"எந்திரி தங்கம். அம்மா வைய மாட்டேன்."

நறுமுகை எழுந்து நின்றாள். நாலு எட்டு நடந்து வந்தாள். மௌனிகா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு முதுகில் ஒரு அடி வைத்தாள். வலிக்காத அடி. பிறகு சத்தமில்லாமல் அழுதாள். "மூணு வாரமாடி. கோயில் கோயிலாப் போனனேடி."

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டதும் அவள் கேட்டது, "இப்ப என்னங் பண்றது?" என்பதுதான்.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, பன்னிரண்டு கிலோ எடையை இடது இடுப்பில் பட்டையாகக் கட்டிக்கொள்வது. ஆயுள் முழுக்க, நடக்கும்போதெல்லாம். ஆபத்தே இல்லை. இன்னொன்று, தண்டை மறுபடி திறப்பது. திறந்திருக்கும் தொண்ணூறு நாளும் அதற்கு மூன்றில் ஒரு பங்கு பலம்தான் இருக்கும். அடுக்குகள் திரும்பும்போது சின்ன விரிசல்கள் மூடிக்கொள்ளும் என்று சங்கவி நம்பினாள். ஆனால் உடம்புக்குள் யாரும் இதுவரை அப்படிச் செய்து பார்த்ததில்லை. இடையில் ஒருமுறை விழுந்தாலும் தண்டு முறியும். முறிந்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும்.

"கட்டிக்கறேனுங்" என்றாள் மௌனிகா உடனே. "கல்லாட்டம் இருப்பனுங். அத்தனை வருசம் தூக்குனதுதான?"

பிறகு மடியில் இருந்த தலையைத் தடவிக்கொண்டே யோசித்தாள். "கட்டிட்டு நடந்தா இவ தெனமும் பாப்பாளேங்."

"ஆமாங்க."

"நான் நடந்ததாலதான் அம்மா இதைக் கட்டிட்டு நடக்கறான்னு நெனப்பா."

இதில் எது சரி என்று சொல்லச் சங்கவிக்கு உரிமை இல்லை.

"தொறந்துருங் மேடம்" என்றாள் மௌனிகா. "விழுகாம நடந்துக்கறேன்."

*

"'பயனாளியின் நடைப்பழக்கம் மாறியது'ன்னு அறிக்கையில எழுதுங்க" என்றார் ஜெகதீசன். "பொய் இல்லையே."

"பொய் இல்லீங்க சார். ஆனா அவங்க தப்பு மாதிரி கேக்குது."

"பட்டையக் கட்டிட்டுப் போகச் சொல்றத விட்டுட்டு, திறக்கறேன்னு நிக்கறீங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நான் கையெழுத்துப் போட்டது இருக்கும்."

அவள் எழுதியதை அவர் இரண்டு முறை படித்தார். 'பன்னிரண்டு கிலோ விரிப்பின் பிழை அல்ல. குழந்தை. கழித்தது நான். சுமை குறைந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் சோதிக்கவில்லை.' அதன் கீழே, இனி வார்க்கும் தண்டுகளில் சிறிதளவு போரான் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்திருந்தாள். அடுக்குகள் ஒரே பக்கம் நீளமாகத் திரும்பாமல், சின்னச் சின்னத் திரள்களாக எல்லாப் பக்கமும் பார்த்து நிற்கும்.

"பலம் அஞ்சுல ஒரு பங்கு போயிருமே அம்மிணி. அந்த எண்ண வெச்சுத்தான நம்மள நாலு பேருக்குத் தெரியும்."

"ஒரு பக்கத்துப் பலம் போகுங்க. மத்த பக்கமெல்லாம் கூடும்."

அவர் பெருமூச்சு விட்டார். கோபம் இல்லை. வயதானவர், தன் குழந்தையின் மதிப்பெண் குறைவதைப் பார்ப்பவர்போல. "மீதி எத்தன பேருக்கு இருக்குது இந்தத் தண்டு?"

"இருநூத்தி ஆறு."

"கூப்பிடுங்க. எல்லாத்தையும் கூப்பிட்டுக் கேளுங்க."

என்ன கேட்பது என்று சங்கவி ஒருநாள் முழுக்க யோசித்தாள். கடைசியில் ஒரே கேள்விதான் மிஞ்சியது: அதுக்கப்புறம் எதையாச்சும் எறக்கி வெச்சீங்களா? பெரும்பாலோருக்குப் புரியவில்லை. சூலூர்க்காரர் ஒருவர், சிலிண்டர் தூக்கும் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். அவரை மறுநாளே வரச் சொன்னாள். பல்லடத்திலிருந்து ஒரு அம்மா, "மாமியாளத்தானுங் எறக்கி வெச்சேன், தனிக்குடித்தனம் வந்துட்டோம்" என்று சிரித்தார். சங்கவியும் சிரித்தாள். ஆனாலும், அந்த மாமியாரை யார் குளிக்க வைத்தார்கள், எத்தனை படி ஏற்றி இறக்கினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

*

திறந்த முதல் நாள் காலை. கூடத்தின் நீண்ட விரிப்பை நடைபாதையில் விரித்து, இரண்டு பக்கமும் மெத்தைகள் போட்டிருந்தார்கள். மௌனிகாவின் தொடையில் ஒலிப்பட்டை. ஜெகதீசன் கருவியின் முன் உட்கார்ந்து, இருக்கிற சாமியையெல்லாம் வேண்டிக்கொள்கிறவர்போல உதடு அசைய இருந்தார்.

மௌனிகா எழுந்து நின்றாள். இடுப்பில் யாரும் இல்லாத நடை அவளுக்கு இன்னும் பழகவில்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையைப் பிடித்தாள், விட்டாள். ஒரு எட்டு. கருவி சொடுக்கியது. இன்னொரு எட்டு. மறுபடி ஒரு சொடுக்கு. மூன்றாவது எட்டுக்கு அவள் கால் எழவில்லை. நெற்றியில் வியர்த்திருந்தது.

நறுமுகை நாற்காலியிலிருந்து குதித்து ஓடிவந்து அவள் இடக்கையைப் பிடித்துக்கொண்டாள். "வாம்மா. நான் நடக்கறனல்ல."

இருவரும் நடந்தார்கள். ஐந்து எட்டு. ஆறு. சத்தம் வரவில்லை.

ஆனால் திரையில் எண் மாறியது. இடப்பக்கம் எழுநூறு கிராம். ஜெகதீசன் சங்கவியைப் பார்த்தார். அவர் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. குழந்தையின் கை இழுக்கிற இழுப்பு அது. தொண்ணூறு நாள் இப்படியே நடந்தால் தண்டு அந்தக் கைக்கும் பழகிவிடும். நாலைந்து வருடத்தில் அந்தக் கை விடும். விடாத பிள்ளை உண்டா?

"சொல்லிருங்கம்மா" என்றார் அவர் தணிந்த குரலில். "கைய விட்டுட்டு நடக்கச் சொல்லுங்க."

சங்கவி எழுந்தாள். சொல்லத்தான் எழுந்தாள். நடைபாதையில் மௌனிகா கீழே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு எட்டாக வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த பயம் குழந்தை பிடித்திருந்த பக்கத்தில் மட்டும் கொஞ்சம் குறைவாக இருப்பதுபோல் சங்கவிக்குத் தோன்றியது. அப்படி இருக்க முடியாதுதான்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பில் ஏறினாள். மௌனிகாவின் வலப்பக்கம் போய், சும்மா தொங்கிய அந்தக் கையைப் பிடித்தாள். கை ஈரமாக இருந்தது.

திரையில் இரண்டு பக்கமும் சமமானதைப் பார்த்து ஜெகதீசன், "ஆங்" என்றார். கொஞ்சம் கழித்து, "இப்பிடியே தொண்ணூறு நாளுமா?" என்றார்.

சங்கவி திரும்பிப் பார்க்கவில்லை. மௌனிகாவின் எட்டுக்குத் தன் எட்டைச் சேர்ப்பதில் கவனமாக இருந்தாள். விழுந்துவிடுவாளோ என்ற நினைப்பில் பிடி இறுகிக்கொண்டே போவது அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா" என்றாள் மௌனிகா. மேடம் என்று சொல்லவில்லை. "இழுக்காதீங். கூட வந்தாப் போதும்."

சங்கவி பிடியைத் தளர்த்தினாள்.